கொழுக்கட்டைத் தட்டுக்குப் பட்டுக்கரை

“...பட்டுப் பொடவைய எவக்கா தண்ணியில ஊறப் போடப் போறா? கட்டிக்கினு மணையில உக்காருவா, தாலி ஏறும், போட்டோ எடுப்பாங்க, அப்புறம் பீரோவுல வச்சிப் பூட்டிடுவா. அதோட சரி. அதுக்கப்புறம் அவ பொண்ணு கல்யாணத்துக்குத்தான் வெளிய வரும். அதுக்குள்ள நாம எங்கியோ, சாயக்காரர் எங்கியோ!”

என் தங்கை வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு வைத்திருந்தார். சொம்பு நிறைய ராணி கலரில் தண்ணீர். ராணி கலர் என்றால் எங்கள் காஞ்சிபுரத்தில் கண்ணைப் பறிக்கும் ரோஸ். அவர் கேட்டது என்னைப் பார்த்துத்தான். பதில் சொல்ல வேண்டியவள் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், என் தங்கை.

பீர் காய்ச்சப் புறப்பட்ட மனிதர் கல்யாணப் புடவையைப் பற்றி ஏன் பேசுகிறார் என்பதை முறையாகச் சொல்லிவிடுகிறேன். முறையாகச் சொல்லுமளவுக்கு அதில் முறை எதுவும் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன்.

அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்ல முடியும். கோபக்காரர் இல்லை. யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தி பரிமாறுவார். குடிகாரரும் இல்லை. வருஷத்தில் ஒரு கல்யாணம், ஒரு பொங்கல், அதோடு முடிந்தது. ஊரில் எத்தனையோ பேர் குடித்துக் குடியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குடிக்காமலே குடியைக் கெடுக்க வழி கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான்.

பீர் வருவதற்கு முன்னால் காளான் வந்தது. குளியலறையில் வைக்கோல் மூட்டை கட்டித் தொங்கவிட்டார். காளான் மூட்டையைத் தவிர எல்லா இடத்திலும் முளைத்தது, சுவரில், கதவு மூலையில், சோப்பு டப்பாவுக்கு அடியில். பிறகு கலர் மீன். மீன்கள் ஒன்றை ஒன்று தின்று, கடைசியில் ஒரே ஒரு மீன் மிஞ்சிக் கொழுத்துப்போய்த் தொட்டியில் திரும்ப முடியாமல் கிடந்தது. அவருடைய அம்மா, அதாவது என் தங்கையின் மாமியார், பாபினில் நூல் சுற்றிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: “எம் புள்ளைக்கு ஆரம்பிக்கிற கை மட்டும்தான் பொறந்துச்சு. முடிக்கிற கைய நான் பெக்கவே இல்ல.” அந்த அம்மா பேசுவதைக் கேட்பதற்காகவே நான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளையார்பாளையம் வரைக்கும் ஆட்டோ ஏறிப் போவேன்.

அந்த வீட்டில் இருப்பது ஒரே தறி. அதில் உட்கார்ந்து நெய்வது என் தங்கை. அவள் நெய்வது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறொரு நிறம், இரண்டுக்கும் குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா தனித்தனியாக ஓட வேண்டும். அதனால் கரைப் பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து அந்த நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொரு ஆள்தான் வீட்டுக்காரர். முழுத் தறியும் நெய்யத் தெரிந்தவர்தான், தெரியாதவர் இல்லை. ஆனால் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் மாட்டிக்கொள்ளும். கரைப் பக்கம் உட்கார்ந்தால் ஒரு கைக்கு ஓய்வு கிடைக்கும். அந்தக் கையில் போன் இருக்கும். போனில் எவனாவது எதையாவது காய்ச்சிக்கொண்டிருப்பான்.

இந்த நேரம் பார்த்து என் தங்கைக்கு ஒரு புடவை வந்தது. அதுவரை அவள் நெய்ததெல்லாம் கடைக்காரர் கொடுத்த பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டுகிற நூலில், கடைக்காரர் பேரில். யார் கட்டினார்கள் என்று அவளுக்கும் தெரியாது, யார் நெய்தார்கள் என்று கட்டியவர்களுக்கும் தெரியாது. இந்த முறை வாலாஜாபாத்திலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்தார்கள். முகூர்த்தப் புடவை. சந்தன நிற உடம்பு, ராணி கலர் கரை. அந்தப் பெண் தறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, நீங்க நெய்யற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கட்டா? என் பொடவைய யார் நெஞ்சதுன்னு எல்லாருக்கும் காட்டுவேன்” என்றாளாம். அன்றைக்கு என் தங்கை எனக்குப் போன் செய்து அதையே மூன்று விதமாகச் சொன்னாள். அந்த அம்மாவிடம், “சாயம் எறங்கினா எம் பேரச் சொல்லித் திட்டுங்கம்மா” என்று வாக்கும் கொடுத்திருக்கிறாள். அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கிறவள் இல்லை. கொடுக்க அவளை யாரும் கேட்டதும் இல்லை.

கரைக்கு வேண்டிய பட்டு நூலுக்குச் சாயம் போட்டு வாங்கி வந்தவர் வீட்டுக்காரர். சாயக்காரர் அவர் சிநேகிதர். “நெருப்புல போட்டாலும் போவாது” என்று அந்தச் சிநேகிதர் சொன்னதாக இவர் வந்து சொன்னார். நெருப்பில் போட்டால் பட்டே போய்விடும், அப்புறம் சாயம் எங்கிருந்து போகும் என்று நான் கேட்டேன். “உங்ககிட்ட பேச முடியாதுக்கா” என்றார்.

புடவை தறியேறி ஓடத் தொடங்கிய சமயத்தில் அவர் கடைக்காரருடைய பார்சல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க பெங்களூர் போனார். அங்கே புடவை வாங்கிய வீட்டுப் பையன் மரியாதைக்கு அவரை ஒரு இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறான். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற இடம். போனவர் ஒருவர், திரும்பி வந்தவர் வேறொருவர்.

“கண்ணாடிக்குப் பின்னால இம்மாம் பெரிய செம்பு அண்டாக்கா! நாம சாயம் போட பட்டு நூல அவிக்கிறோம் இல்ல, அதே மாதிரி அவுங்க தானியத்த அவிக்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே புதுசா தெரியல. பாத்தவுடனே புரிஞ்சிடுச்சு.”

பார்த்தவுடன் புரிந்துவிடுகிற வியாதி அவருக்கு ரொம்ப நாளாக உண்டு.

“வீட்ல பீர் காய்ச்சினா போலீசு வந்து புடிக்காதா தம்பி?” என்று கேட்டேன்.

“பீருன்னு யாருக்கா சொன்னது? மொதல்ல வர்றது வெறும் இனிப்புத் தண்ணி. கொழந்தைக்குக் கூட குடுக்கலாம். அத ஈஸ்ட் போட்டுப் புளிக்க வச்சாதான் பீரு. அதுக்கு அப்பால பர்மிசன் கிர்மிசன் எல்லாம் பாத்துக்கலாம்.”

மாமியார் பாபினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பர்மிசன் வாங்கவும் ஆரம்பிப்பான்” என்றார்.

முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லி பார்சலில் வந்தது. மாட்டுத் தீவனத்தைத் தெர்மாகோல் வைத்துப் பேக் செய்து வாங்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன். அடுத்து, கல்யாண மண்டபத்தில் குடிதண்ணீர் வைப்பார்களே, அடியில் குழாய் வைத்த உருண்டை டிரம், சூடோ குளிரோ உள்ளேயே நிற்கும், அதில் ஒன்றைப் பழசாக எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்தார். தானியத்தை அதில் போட்டு, அளவான சூட்டில் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்துவிட வேண்டுமாம். தானியத்தில் இருக்கிற மாவு தித்திப்பாக மாறித் தண்ணீரில் இறங்குமாம். அப்புறம் குழாயைத் திறந்தால் தித்திப்புத் தண்ணீர் மட்டும் வர வேண்டும், தானியம் உள்ளே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்காக டிரம்முக்குள், அடியிலிருந்து கொஞ்சம் தூக்கி, ஓட்டை போட்ட ஒரு தட்டு. “ஃபால்ஸ் பாட்டம்” என்று வாய் நிறையச் சொன்னார். பொய் அடி.

“அடியே பொய்யின்னா, அதும்மேல ஊத்தறது மட்டும் நெசமா நிக்குமாடா?” என்றார் மாமியார்.

அதைக் கேட்டு நான் சிரித்து முடிப்பதற்குள் அவர் சமையலறைக்குள் போய், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை அவிக்கிற ஓட்டைத் தட்டை எடுத்து வந்துவிட்டார். அந்த அம்மா எழுந்தே விட்டார்கள். “டேய், அது புள்ளையாரு தட்டுடா!”

“புள்ளையாரு வருசத்துல ஒரு நாள் கேக்குறாரு. மிச்ச நாள்ல அவருக்கு இன்னாத்துக்கும்மா?”

தட்டுக்கு மூன்று போல்ட்டு மாட்டிக் கால் வைத்தார். டிரம்முக்குள் இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது என்று அவர் சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். தட்டின் விளிம்புக்கும் டிரம்மின் சுவருக்கும் நடுவே சுற்றிலும் என் சுண்டு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. வெறும் தண்ணீரில் ஒரு பிடி பார்லியைப் போட்டுப் பார்த்தார். பார்லி தட்டின் ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரமாக நழுவி அடிக்குப் போய், குழாயை அடைத்துக்கொண்டது.

போனில் அவர் பார்க்கிற வீடியோக்காரன் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். ரப்பர் குழாயை நீளவாக்கில் கிழித்து விளிம்பைச் சுற்றி மாட்டிவிடு என்றான். எங்கள் ஆளுக்கு அது ஆகவில்லை. “சுடுதண்ணியில ரப்பர் நாத்தம் எறங்கும்க்கா. வாய்ல வைக்கிற பொருளு. சுத்தமா இருக்கணும்.” கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, “பட்டு!” என்றார்.

சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது. பட்டுக்குத் தீட்டில்லை. நனைத்துக் காயவைக்காமல் மடியாகக் கட்டிக்கொள்ளலாம், சாமிக்குச் சாத்தலாம், எச்சில், சோறு பட்ட பத்து எதுவும் ஒட்டாது. அப்படியே கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு பொருள் சுத்தமா என்று கேட்டால் மற்ற ஊர்க்காரர்கள் கழுவிப் பார்ப்பார்கள், நாங்கள் பட்டா என்று பார்ப்போம். “சாமி மேல போடறது, சாமானுக்குள்ள போட்டா ஆவாதா?” என்று அவர் கேட்டபோது மாமியாரே பாபினுக்குத் திரும்பிவிட்டார்.

கரைக்கு நூல் இழைத்தபோது கழிந்த துண்டு நூல் ஒரு கூடையில் கிடந்தது. ராணி கலர். அதை அள்ளி என் மடியில் போட்டார். நான் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். நூலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

“அக்கா, கெட்டியா ஒரு கயிறு பின்னிக் குடுங்க. உங்க கை பட்டாதான் பிரியாது.”

“கல்யாணப் பொண்ணு பொடவைக்குக் கட்ட வேண்டிய கையால உங்க மாட்டுத் தீவனத்துக்குக் குஞ்சம் கட்டணுமா?”

“ஒரு கொசுறுக்கா.”

பின்னினேன். தட்டின் விளிம்பைச் சுற்றி அந்தக் கயிற்றை வைத்து, ஓட்டைகளில் நூல் விட்டு இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். பார்ப்பதற்கு, சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. எவர்சில்வர் தட்டுக்கு ராணி கலர் கரை. டிரம்முக்குள் வைத்து அழுத்தினால் நறுக்கென்று பிடித்துக்கொண்டது. ஓரத்தில் ஒரு பார்லி இறங்க வழியில்லை. அவர் அதைப் பல கோணத்தில் போட்டோ எடுத்தார். என் தங்கை தறியில் இருந்தபடியே, “ஏங்க, கரைப் பக்கம் ஆள் இல்லாம எவ்ளோ நேரம் நான் ஒத்தையா உக்காந்துக்கினு இருக்கறது?” என்று கேட்டாள். “தோ வந்துட்டேம்மா” என்றார். அந்தத் ‘தோ’ மறுநாள் வரைக்கும் நீண்டது.

மறுநாள் காய்ச்சல் வைபவம். தண்ணீரின் சூட்டைப் பார்க்கக் காய்ச்சல் பார்க்கிற கருவியை விட்டார். அது ஒரு முறை கத்திவிட்டு உயிரை விட்டது. பிறகு விரலை விட்டுப் பார்த்தார், அவரும் கத்தினார். ஒரு குத்துமதிப்பாகத் தண்ணீரை ஊற்றி, பார்லியைக் கொட்டி, கிளறி, மூடி, மேலே பழைய ஜமக்காளத்தைப் போர்த்தி, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். வீடெல்லாம் ஹார்லிக்ஸ் வாசனை. தெருவில் போன ஒருவர் தலையை நீட்டி, “இன்னாபா, சுண்டக்கஞ்சியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். சோற்றைப் புளிக்கவைத்து விற்கிற போதைக் கஞ்சியோடு தன் பீரைச் சேர்த்துவிட்டாரே என்று இவருக்கு மனம் நொந்துவிட்டது.

குழாயைத் திறந்தார். ஒரு பார்லி வரவில்லை. அடைப்பு இல்லை. கயிறு அசையவில்லை. பொய் அடி மெய்யாகவே வேலை செய்தது. அதை நான் மறுக்கவில்லை.

தண்ணீர் மட்டும் ராணி கலரில் வந்தது.

முதலில் மாமியார்தான் பார்த்தார். “டேய், பீரு வயசுக்கு வந்துடுச்சுடா” என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவருக்கு வெட்கமாவது இருக்க வேண்டுமே! சொம்பில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “என்னா கலருக்கா! பெங்களூர்ல கூட இது இல்ல” என்றார். குடித்துப் பார்க்கப் போனார். நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.

எங்கள் சத்தம் கேட்டு என் தங்கை தறிக்குழியிலிருந்து ஏறி வந்தாள். அவளும் சிரிப்பாள் என்று நினைத்து வழிவிட்டேன். அவள் சொம்பைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். ஒரு கரண்டியை விட்டுப் பார்லியை ஒதுக்கி, கொழுக்கட்டைத் தட்டைக் கொக்கி போட்டுத் தூக்கினாள். நான் பின்னிய கயிறு வெளுத்து, துவைத்த பாவாடை நாடா மாதிரி தொங்கியது.

“இது எந்த நூலு?” என்றாள்.

எந்த நூல் என்று அவளுக்குத் தெரியும். எங்களைச் சொல்ல வைத்தாள்.

“கூடையில இருந்ததும்மா, கழிச்சது...” என்றார் அவர்.

“நெருப்புல போட்டாலும் போவாதுன்னு ஒருத்தர் சொன்னாரே.”

அப்போதுதான் எங்கள் சிரிப்பு நின்றது. தறியில் புடவை முந்தானை தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அதே ராணி கலர் பாவு, நடுவில் சந்தனம். எங்கேயாவது ஈரம் பட்டால் கரை உடம்புக்குள் இறங்கும். இப்போது இதைச் சரிசெய்வதென்றால் நெய்த துணியை அறுத்துக் கழிக்க வேண்டும். கரைப் பாவை மட்டும் வெட்டி எடுத்து, வேறு சாயக்காரரிடம் புதுப் பட்டு வாங்கி, இழைக்கு இழை முறுக்கிச் சேர்த்து, முதலிலிருந்து நெய்ய வேண்டும். முகூர்த்தம் காத்திருக்காது. இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து விளக்கு வைத்து வெகு நேரம் வரை தறியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கரைப் பக்கத்துக் கைக்கு ஓய்வு என்ற பேச்சே இல்லை. எதுவும் செய்யாமல் விட்டாலோ, புடவை ஜோராகத்தான் இருக்கும். இன்றைக்கும் நாளைக்கும் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரின் மூளை, அதுவும் பார்த்தவுடன் புரிந்துகொள்கிற மூளை, எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்? அப்போதுதான் அவர் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். பட்டுப் புடவையை எவள் ஊறப் போடப் போகிறாள், பீரோவில் வைத்துப் பூட்டுவாள், சாயக்காரர் எங்கேயோ, நாம் எங்கேயோ.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சொம்பை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். காளான் கண்ட இடத்தில் முளைத்ததற்கும் மீன் செத்ததற்கும் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இது அப்படியா? அந்தச் சாயக்காரரின் நெருப்பையும் இவருடைய பெங்களூரையும் ஒன்றாகச் சேர்த்து நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். மாமியார் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

என் தங்கை கூடையிலிருந்து நனையாத ஒரு இழையை எடுத்தாள். குடிதண்ணீர்ப் பானையில் நனைத்தாள். அவர் கட்டியிருந்தது வெள்ளை வேட்டி. அவருடைய முழங்காலுக்கு மேல் அந்த இழையை வைத்துக் கட்டை விரலால் அழுத்தி, ஒரு இழுப்பு இழுத்தாள். வேட்டியில் ரோஸ் கோடு விழுந்தது.

“சுடுதண்ணி இல்லங்க. பானைத் தண்ணி” என்றாள். “ஓமம் வளப்பாங்க. அந்தப் பொண்ணு மாலையப் போட்டுக்கினு அதுங்கிட்ட உக்காரும். வேர்க்கும். எழுந்து நிக்கிறப்ப இடுப்புல இந்தக் கோடு இருக்கும். அப்ப எல்லாரும் கேப்பாங்க, யாரும்மா நெஞ்சதுன்னு. அந்தப் பொண்ணுகிட்ட எம் போட்டோ இருக்குது.”

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் தறிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அவர் தன் வேட்டியைப் பார்த்தார். தேய்த்துப் பார்த்தார், கோடு அகலமானது. ஏதாவது ஒரு வீடியோவைத் தேடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கையும் இடுப்பில் இருந்த போனுக்குப் போனது. எடுத்தார், அதை ஜமக்காளத்தின் மேல் வைத்தார். சொம்பைத் தரையில் வைத்தார். என் பையைத் திறந்து, நான் குஞ்சம் வெட்டுகிற கத்தரிக்கோலை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். தறியைச் சுற்றிப்போய், தான் எப்போதும் உட்காருகிற கரைப் பக்கத்தில் குந்தினார். இழைகளைப் பிரித்து நிறுத்துகிற கம்பிச் சீப்புக்குப் பின்னால், புது இழை முறுக்கிச் சேர்க்கும் அளவுக்கு நுனி விட்டு, ராணி கலர் பாவை ஒரு பிடியாகப் பிடித்து வெட்டினார்.